மத்தியானத்தில் விழுந்த இணைப்பு: இரண்டு ஆன்டெனாக்களின் சக்திச் சமநிலை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடசென்னையில் ஒரு கேபிள் ஆபரேட்டர். டிவி இணைப்பில் தொடங்கியவர், சில ஆண்டுகளாக வீடுகளுக்கு இன்டர்நெட்டும் கொடுக்கிறார். கொருக்குப்பேட்டைப் பக்கம் அவருடைய ஃபைபர் வந்து நிற்கிறது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மூன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. ரயில் பாதையைத் தாண்டி ஃபைபர் இழுக்க அனுமதி வாங்குவது லேசான வேலை இல்லை. அதனால் இந்தப் பக்க மாடியில் ஒரு திசைப் பகுதி முழுவதையும் பார்க்கும் செக்டர் ரேடியோ ஒன்று, அந்தப் பக்க மாடிகளில் மூன்று வாடிக்கையாளர் பெட்டிகள் என்று அமைத்திருந்தார். தூரம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுவில் மறைப்பு ஏதும் இல்லை.

கருவி 802.11ஏசி என்ற வைஃபை தரநிலையைச் சேர்ந்த வகை. 5.8 கிகாஹெர்ட்ஸ், 40 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலம், இரண்டு செயின்கள், அதாவது ஆளுக்கொரு ஆன்டெனாவோடு சேரும் தனித்தனி ரேடியோ சுற்றுகள். செயின் 0 செங்குத்துத் துருவத்துக்கு (அலை மேலும் கீழுமாக அதிரும் வகை), செயின் 1 கிடைமட்டத் துருவத்துக்கு. இரண்டு ஆன்டெனாக்களும் ஒரே பெட்டிக்குள். ஆதாயம், அதாவது ஆன்டெனா சக்தியை ஒரு திசையில் குவிக்கும் அளவு, 16 டிபிஐ (டெசிபல் கணக்கு: 3 கூடினால் சக்தி இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு). ஒவ்வொரு செயினும் தனித்தனித் தகவல் ஓடை ஒன்றை அனுப்பும். நல்ல நிலையில் இந்த இணைப்பு இரண்டு ஓடையில் எம்சிஎஸ் 8-இல் நிற்கும். எம்சிஎஸ் என்பது அலையில் தகவலை எவ்வளவு அடர்த்தியாக ஏற்றுவது என்ற படி; எண் கூடினால் வேகம் கூடும். வானில் ஓடும் வேகம் நொடிக்கு 360 மெகாபிட்.

ஆபரேட்டர் எங்களைக் கூப்பிட்டது அக்னி நட்சத்திர நாட்களில். நாங்கள் அம்பத்தூரில் இயங்கும் சிறிய ரேடியோ சர்வீஸ் குழு.

முதலில் கிடைத்த தகவல்

"நைட்டுல நல்லா போகுது சார். மத்தியானம் ஆச்சுன்னா மொத்தமா படுத்துடுது. சாயங்காலம் தானா எழுந்துடுது." ஆபரேட்டரிடம் லைன் பார்க்கும் தம்பி சொன்னது இவ்வளவுதான். பின்னால் கிடைத்த அளவீடுகள் எல்லாமே இந்த மூன்று வரிகளுக்கு உரைதான்.

இணைப்பு அறுந்து போகவில்லை. வேகம் மட்டும் விழுந்தது. பதிவேட்டைப் பார்த்தால், பதினொரு மணிக்கு மேல் ரேடியோ இரண்டு ஓடை எம்சிஎஸ் 3-க்கும் ஒற்றை ஓடை எம்சிஎஸ் 7-க்கும் நடுவே தாவிக்கொண்டே இருந்தது. முதலாவது 120 மெகாபிட், இரண்டாவது 150. அந்தத் தாவலால் தாமதம் ஏறி இறங்கி, வீடியோ கால் பேசுபவர்களுக்குக் குரல் உடைந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அதிகமுள்ள குடியிருப்புகள் என்பதால் புகார் வேகமாகக் குவிந்தது.

இன்னொன்றையும் அந்தத் தம்பிதான் கவனித்திருந்தார். கடல் காற்று சீக்கிரம் அடித்த நாட்களில் இணைப்பு இரண்டு மணிக்கே தேறிவிட்டது; காற்று தாமதமான நாட்களில் நாலு, நாலரை ஆனது. குறுக்கீடுதான் காரணம் என்றால் அது மனிதர்களின் நேரத்தைப் பின்பற்றும். சுற்றுவட்டார வைஃபை உச்சத்துக்குப் போவது இரவு எட்டு மணிக்கு. இது வெயிலைப் பின்பற்றியது. இருந்தாலும் நடுப்பகலில் அலைவரிசையைச் சுற்றிலும் அலசிப் பார்த்தோம். இரைச்சல் தரையில், அதாவது எப்போதும் இருக்கும் அடிமட்ட இரைச்சலில், பெரிய மாற்றம் இல்லை. மின்னழுத்தக் குறைவு என்ற சந்தேகமும், நெட்வொர்க் கேபிள் வழியே பெட்டிக்கு மின்சாரம் தரும் பிஓஇ முனையில் அளந்ததும் தீர்ந்தது.

ஏற்கெனவே எடுக்கப்பட்ட ஒரு முடிவு

நாங்கள் போவதற்கு முன்பே யாரோ அமைப்புப் பக்கத்தில் அனுப்பும் சக்தியை 17-இலிருந்து 24 டிபிஎம்முக்கு (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபல் கணக்கு) ஏற்றியிருந்தார்கள். வேகம் குறைந்தால் சக்தியைக் கூட்டுவது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. இங்கே அது இரண்டு வகையில் தப்பு.

ஒன்று, சட்டம். மத்திய அரசின் 2018 அக்டோபர் அறிவிக்கையின்படி 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். ஆனால் ஆன்டெனா ஆதாயத்தையும் சேர்த்த கதிர்வீச்சுச் சக்தி, அதாவது ஈஐஆர்பி, 36 டிபிஎம்மைத் தாண்டக் கூடாது. அது 4 வாட். ஆன்டெனா ஆதாயம் 16 என்றால் பெட்டியிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் மொத்தச் சக்தி 20 டிபிஎம்தான். செயின் இரண்டு இருப்பதால் ஆளுக்குப் பாதி, 17. இந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் உள்ள எண் மொத்தத்துக்கானது இல்லை, ஒவ்வொரு செயினுக்கும் உரியது. இது கையேட்டின் உள்ளே எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. அங்கே 24 போட்டால் மொத்தம் 27, ஈஐஆர்பி 43. எல்லையைப் போல் ஐந்து மடங்கு. சில நிறுவனங்கள் மொத்தத்தைக் காட்டுகின்றன, சில செயினுக்கு உரியதைக் காட்டுகின்றன. மாடியில் நிற்கும் ஆளுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. இதைத் திரையிலேயே எழுதிக் காட்டாதது கருவி செய்பவர்களின் பெரிய குறை என்பது எங்கள் உறுதியான கருத்து.

இரண்டு, சிக்னலின் தரம். பவர் ஆம்ப்ளிஃபயரை அதன் நேர்கோட்டு எல்லையைத் தாண்டி ஓட்டினால் அலையின் உச்சிகள் நசுங்கும். அந்த நசுங்கலை ஈவிஎம் என்ற அளவில் பார்க்கிறோம். எம்சிஎஸ் 8-க்கு அது −30 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று தரநிலை கேட்கிறது. 24 டிபிஎம்மில் அது நடக்காது. இரவில் கிடைத்திருக்க வேண்டிய முழு வேகத்தையும் இந்த ஏற்றம் குறைத்திருந்தது. முதல் வேலையாகச் சக்தியை 17-க்கே இறக்கினோம். அன்றிரவே எம்சிஎஸ் 8 திரும்பியது. மத்தியானக் கோளாறு மட்டும் அப்படியே இருந்தது.

செயின் வாரியாகப் பார்த்தபோது

மொத்த ஆர்எஸ்எஸ்ஐயை, அதாவது வந்து சேரும் சிக்னலின் வலுவை, மட்டும் பார்த்தால் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் மூன்று டெசிபல் கூட இல்லை. இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு வேகம் மூன்றில் ஒரு பங்காகுமா என்ற கேள்விதான் எங்களைச் செயின் வாரியாகப் பார்க்க வைத்தது.

நடுப்பகலில் எதிர்ப்பக்க மூன்று பெட்டிகளிலும் செயின் 1-இன் சிக்னல் செயின் 0-ஐ விட 11 டெசிபல் தாழ்ந்திருந்தது. ஒரு பெட்டியில் மட்டும் அப்படி இருந்தால் அந்தப் பெட்டியைச் சந்தேகிக்கலாம். மூன்றும் ஒரே கதையைச் சொன்னதால் கோளாறு இந்தப் பக்கச் செக்டரில்தான். நேர்ப்பார்வையில் துருவங்கள் பெரிதாகக் கலக்காது. ஆகவே பெறும் பக்கத்துக் கிடைமட்டச் செயினில் தெரியும் பலவீனத்தை அனுப்பும் பக்கத்துக் கிடைமட்டச் செயினின் பலவீனம் என்று எடுத்துக்கொள்ளலாம். அறைக்குள் சுவர் எதிரொலிப்பு நிறைந்த இடத்தில் இந்த முடிவுக்கு வர முடியாது.

மொத்தம் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு செயினும் ஆளுக்கு ஒரு பங்கு என்றால் மொத்தம் 2. ஒன்று 11 டெசிபல் விழுந்தால் அது சுமார் 0.08 பங்காகும், மொத்தம் 1.08. இழப்பு வெறும் 2.7 டெசிபல். மொத்தச் சக்தியை அளக்கும் எந்த மீட்டரும் இதை ஒரு சாதாரண வெயில் நாள் ஏற்ற இறக்கமாகவே காட்டும்.

வேகம் இவ்வளவு விழுந்ததற்குக் காரணம் தரநிலைக்குள்ளேயே இருக்கிறது. முந்தைய தரநிலையான 802.11என்-இல் ஓடைக்கு ஓடை வெவ்வேறு பண்பேற்றம் (அலையில் தகவலை ஏற்றும் முறை) வைக்க ஒரு விருப்ப வழி இருந்தது. 802.11ஏசி அதை விட்டுவிட்டது. ஒரு வாடிக்கையாளருக்குப் போகும் எல்லா ஓடைகளும் ஒரே எம்சிஎஸ்ஸில்தான் போக வேண்டும். பிட்டுகள் ஓடைகளுக்கு மாறிமாறிப் பிரித்துத் தரப்படுகின்றன. ஒரு ஓடை தடுமாறினால் மொத்தப் பொட்டலமும் தடுமாறும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நொண்டினால் வண்டி நொண்டி மாட்டின் வேகத்தில்தான் போகும். ஒற்றை ஓடைக்கு இறங்கினாலும் முழு நன்மை இல்லை. ரேடியோ அதே ஓடையை இரண்டு செயினிலும் சமமாகப் பிரித்து அனுப்புகிறது, பாதிச் சக்தி கெட்ட செயினில் வீணாகிறது.

இரு திசையிலும் அளந்ததில் கிடைத்த துப்பு

அடுத்த அளவீடுதான் இந்த நிகழ்வில் எங்களுக்கு மிக முக்கியமாகப் பட்டது. செக்டர் அனுப்பும் திசையில் வித்தியாசம் 11 டெசிபல். அதே நேரத்தில், செக்டர் பெறும் திசையில், செயின் 1 செயின் 0-ஐ விட 7 டெசிபல்தான் தாழ்ந்திருந்தது.

கேபிள், இணைப்பான், ஆன்டெனா மூன்றும் செயலற்ற பொருட்கள். அவற்றில் ஏற்படும் இழப்பு போகும்போதும் வரும்போதும் ஒன்றுதான். ஆகவே 7 டெசிபல் அங்கே போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் 4 டெசிபலை ரேடியோ தானாகவே குறைத்துக்கொள்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். திரையிலோ இரண்டு செயினுக்கும் 17 டிபிஎம் என்றே காட்டியது.

ரேடியோ ஏன் தன் சக்தியைக் குறைக்கிறது? இந்த வகைப் பெட்டியில் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரின் வெளிவாயிலிலும் ஒரு சின்ன டிடெக்டர் இருக்கும். அது வெளியே போகும் அலையில் துளியைத் தொட்டுப் பார்த்து, ஒரு மின்னழுத்தமாக மாற்றி, கட்டுப்பாட்டுச் சுழலுக்குச் சொல்லும். அளவு கூடினால் சுழல் சக்தியைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். விலை குறைந்த பலகைகளில் இந்த டிடெக்டருக்குத் திசை தெரியாது. வெளியே போகும் அலையையும் திரும்பி வரும் அலையையும் சேர்த்தே பார்க்கும். இணைப்பான் சரியாகத் தொடாவிட்டால் சக்தியில் பெரும்பகுதி திரும்பி வரும். இரண்டு அலைகளின் உச்சிகளும் எப்படிப் பொருந்திச் சேர்கின்றன என்பதைப் பொறுத்து டிடெக்டர் உண்மையை விட அதிகமாகக் காட்டக்கூடும். சுழல் "சக்தி அதிகம்" என்று நம்பி இன்னும் இறக்கிவிடும். இரண்டு ஆன்டெனாக்களையும் சமமாக வைக்க வேண்டிய சுழலே சமநிலையை மேலும் குலைக்கிறது.

டிடெக்டர் பார்ப்பது பலகையின் ஓரம் வரைதான், அதற்கப்பால் ஆன்டெனா வரை உள்ள பாதை அதன் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், திரை காட்டும் 17 எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பது புரியும்.

இடைக்கால முடிவு

மாற்றுப் பெட்டி கையில் இல்லை. வர நாளாகும். அதுவரை என்ன செய்வது என்று மூன்று வழிகளைப் பார்த்தோம்.

செயின் 1-ஐ மட்டும் ஏற்றிச் சமன் செய்வது ஒன்று. ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 17-க்கு உள்ளேதான் என்பதால் சட்டப்படி வழி உண்டு. ஆனால் வழியில் போகும் 7 டெசிபலை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபயர் 24 கொடுக்க வேண்டும், அந்த அளவில் சிக்னல் கெடும் என்று முன்பே பார்த்தோம். ஓரளவாவது ஈடுகட்டலாமே என்றால், 22 டிபிஎம்மிலேயே ஈவிஎம் −26-க்கு வந்துவிடும் என்று அதே மாடலின் பழைய அளவீடு எங்களிடம் இருந்தது. பலவீனமான ஓடை சத்தமாகும், ஆனால் கலங்கலாகும். மாலையில் இணைப்பான் தானாகத் தொட்டுக்கொண்டால் அந்தக் கூடுதல் முழுவதும் வானில் போய்ச் சட்ட எல்லையும் மீறப்படும். இந்த வழியை விட்டோம்.

செயின் 0-ஐ இறக்கிச் செயின் 1-க்குச் சமமாக்குவது இன்னொன்று. சமநிலை என்ற சொல்லுக்காக நல்ல காலையும் வெட்டுவதில் பயன் இல்லை. பலவீனமான ஓடையின் தடை இரைச்சல்; வலுவான ஓடையைக் குறைப்பதால் அது தேறாது.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். அனுப்புவதில் செயின் 1-ஐ முழுக்க அணைத்து, மொத்த ஒதுக்கீடான 20 டிபிஎம்மையும் செயின் 0-க்கே கொடுத்தோம். ஒற்றை ஓடைதான், ஆனால் நல்ல செயினுக்கு 3 டெசிபல் கூடுதல். பெறும் திசையில் இரண்டு செயினையும் அப்படியே விட்டோம். எம்சிஎஸ் 8-இல் 180 மெகாபிட்டில் இணைப்பு ஆடாமல் நின்றது. இரவு நேரத்து 360-இல் பாதி என்பதால் ஆபரேட்டருக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. "நைட்டு நல்லா இருக்கறத ஏன் சார் குறைக்கணும்?" என்று கேட்டார். குடியிருப்புகளின் உச்சப் பயன்பாட்டுப் பதிவைக் காட்டினோம்; ஒற்றை ஓடைக்குள் அது அடங்கியது. ஒப்புக்கொண்டார். அடுத்த நாள் மத்தியானம் குரல் உடையும் புகார் ஒன்றும் வரவில்லை.

மேசையில் திறந்து பார்த்தது

மாற்றுப் பெட்டி வந்ததும் பழையதை இறக்கி அம்பத்தூருக்குக் கொண்டு வந்தோம். பலகையையும் ஆன்டெனாவையும் இணைப்பது பிக்டெயில் எனப்படும் மெல்லிய கேபிள். பலகைப் பக்கம் யு.எஃப்.எல் வகை அழுத்து இணைப்பான், ஆன்டெனாப் பக்கம் சால்டர். ஆன்டெனாப் பக்கச் சால்டரை எடுத்து, அங்கே திருகி மாட்டும் எஸ்எம்ஏ முனை வைத்து, கேபிள் நுழையும் துளை வழியே வெளியே எடுத்து, சக்தியைத் தெரிந்த அளவு குறைத்துத் தரும் அட்டென்யுவேட்டர் வழியாகப் பவர் மீட்டரில் சேர்த்தோம். மூடியைத் திறந்தபடி அளந்தால் செயின் 0 16.8, செயின் 1 16.5. கோளாறே இல்லை.

மூடியை மூடி நான்கு திருகும் போட்டதும் செயின் 1 15.9 ஆனது. மூடிமேல் ஹாட் ஏர் காட்டி 65 டிகிரிக்குக் கொண்டு போனோம். முள் மெதுவாக இறங்கவில்லை. ஒரு கட்டத்தில் சட்டென 6-க்குத் தாவியது. திரையில் அப்போதும் 17.

மூடியின் உள்பக்கம் வலுவுக்காக வைத்த பிளாஸ்டிக் விலா ஒன்று செயின் 1 பிக்டெயிலின் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. கேபிளின் மேலுறையில் அது பதிந்த கோடு விரல் நகத்தால் தடவினால் தெரிந்தது. செயின் 0 கேபிள் வேறு வழியாகப் போனதால் தப்பித்தது. வெயிலில் பிளாஸ்டிக் விரியும்போது விலா கேபிளை அழுத்தி, இணைப்பானை ஒரு பக்கமாக நெம்பியிருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்ததில் இணைப்பானின் வெளி வளையம் அகன்றிருந்தது, ஓரத்தில் பச்சைப் பூப்பு. கடற்கரைக்கு இவ்வளவு அருகில் அது ஆச்சரியம் இல்லை. இந்த வகை இணைப்பானைச் சுமார் 30 முறை மாட்டிக் கழற்றலாம் என்றுதான் அதைச் செய்பவர்கள் உத்தரவாதம் தருகிறார்கள். இந்தப் பெட்டி ஏற்கெனவே ஒருமுறை வேறு பழுதுக்காகத் திறக்கப்பட்டது என்று ஆபரேட்டர் சொன்னார். அப்போது கேபிள் இடம் மாறிப் பதிந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை.

சரி செய்தது

பிக்டெயிலையும் பலகைப் பக்க இணைப்பானையும் புதிதாக மாற்றினோம். விலாவில் கேபிள் போகும் இடத்தை அரத்தால் ராவி வழி விட்டோம். இணைப்பான் மேல் சிறு துளி சிலிகான் வைத்தோம். ரேடியோவுக்கு உகந்த, அமிலம் கக்காத வகை. மூடி போட்டு, 65 டிகிரியில் மறுபடி அளந்ததில் செயின் 0 16.7, செயின் 1 16.3.

அந்த 0.4 டெசிபலையும் மென்பொருளில் ஈடுகட்டலாமா என்று குழுவில் ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்று விட்டோம். ஒரு டெசிபலுக்குள் இருக்கும் வித்தியாசம் எம்சிஎஸ் தேர்வை மாற்றுவது அபூர்வம். அதைத் துரத்திக் கைத்திருத்தம் போட்டால் அடுத்த முறை உண்மையான கோளாறு வரும்போது அந்தத் திருத்தமே அதை மறைக்கும். எங்கள் வழக்கப்படி மூன்று டெசிபல் தாண்டினால் காரணம் தேடுவோம்.

பின்னர் நடந்தவை

மாற்றுப் பெட்டி ஏறிய பிறகு மீதிக் கோடை முழுக்க நடுப்பகலிலும் எம்சிஎஸ் 8 நின்றது. பழுது பார்த்த பெட்டி இப்போது ஆபரேட்டரிடம் உபரியாக இருக்கிறது.

விற்பனையாளர் வழியாகத் தயாரிப்பாளருக்கு இரண்டு கோரிக்கைகள் எழுதினோம். ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் உந்துதலும் டிடெக்டர் காட்டும் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனால் சுழலை நிறுத்திவிட்டு எச்சரிக்கை கொடுக்க வேண்டும். சக்தி எண் செயினுக்கு உரியதா மொத்தமா என்று திரையில் எழுத வேண்டும். அடுத்த மென்பொருள் பதிப்பில் செயின் வாரி ஆர்எஸ்எஸ்ஐ பதிவேட்டில் விழத் தொடங்கியது. அது உதவிதான். சுழலைப் பற்றிய கோரிக்கைக்குப் பதில் வரவில்லை. திரை எண்ணுக்கும் விளக்கம் சேரவில்லை. ஆபரேட்டரின் எல்லாப் பெட்டிகளிலும் "17, ஒரு செயினுக்கு" என்று நாங்களே ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தோம்.

நடைமுறையில் மாற்றியவை

புது இணைப்பு ஏற்றும்போது இரண்டு திசையிலும், இரண்டு செயினுக்கும், நாலு எண்களை எழுதி வைக்கிறோம். காலையில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை. முன்பெல்லாம் மாலை வெயில் தாழ்ந்த பிறகு மாடி ஏறி, வேகச் சோதனை ஓட்டி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவதுதான் இந்தத் தொழிலில் பலரின் வழக்கம். அந்த நேரத்தில் இந்தப் பெட்டி எல்லாச் சோதனையிலும் தேறியிருக்கும். அனுப்பும் வித்தியாசமும் பெறும் வித்தியாசமும் ஒன்றாக இருந்தால் கேபிள், இணைப்பான், ஆன்டெனாவைப் பார். அனுப்பும் வித்தியாசம் மட்டும் அதிகமென்றால் ஆம்ப்ளிஃபயரையும் அதன் சுழலையும் பார் என்று லைன் பார்ப்பவர்களுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

பெட்டியைத் திறந்தால் மூடியை மூடிய பிறகுதான் அளக்க வேண்டும் என்பது மேசை வேலைக்கான மாற்றம். இந்த நிகழ்வில் திறந்த பெட்டி காட்டியது முழு ஆரோக்கியம்.

ஆபரேட்டரின் மற்ற செக்டர்களிலும் இதே நாலு எண்களைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும் சிறு நிரல் ஓடுகிறது. தண்டையார்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு பெட்டியில் செயின் 1 பகலில் மூன்று டெசிபல் தாழ்ந்து, இரவில் தேறுகிறது. இரு திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வாடிக்கையாளர் யாரும் இன்னும் எதையும் உணரவில்லை. அதே மாடல், அதே விலா. அடுத்த கோடைக்குள் பிக்டெயிலை மாற்றிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். மழைக்காலம் முடிந்ததும் இறக்கித் தருவதாக ஆபரேட்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.